விண்வெளி நிலையத்தின் படம் கெட்டுப்போனால்: மங்கலின் உருவத்தை வைத்துக் கோளாறு கண்டுபிடிப்பது

சர்வதேச விண்வெளி நிலையத்தை டெலஸ்கோப் வழியாகப் படம் எடுக்க முயன்றவர்கள் இரண்டு விதமாகப் புலம்புவார்கள். "ஒண்ணுமே விழலை" என்பது ஒன்று. "ஏதோ வெள்ளையா விழுந்திருக்கு" என்பது இன்னொன்று. எனக்கு முதல் ஐந்து முறையும் முதல் புலம்பல்தான். ஆறாவது முறை 4,200 ஃபிரேம் பதிவானது. அதில் 11 ஃபிரேமில் நிலையம் இருந்தது. பதினொன்றிலும் வெள்ளைப் பொட்டு.

இந்த இடத்தில் பலருக்கும் பெரிய டெலஸ்கோப், புதிய கேமரா என்று ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள். கெட்ட படத்தைத் தூக்கிப் போடாமல் திரையில் மூன்று மடங்கு பெரிதாக்கி, மங்கல் எந்த உருவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே திசையில் இழுபட்டிருக்கிறதா, எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவியிருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா, ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. நாடி பார்க்கிற மாதிரிதான்.

கீழே வரும் கணக்கெல்லாம் என் 8 அங்குல டாப்சன் டெலஸ்கோப்பை வைத்துச் சொல்வது. 200 மி.மீ. கண்ணாடி, 1200 மி.மீ. குவியத் தூரம், எஃப்/6 (குவியத் தூரத்தைக் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்த எண்). கையால் தள்ளித்தான் திருப்ப வேண்டும், மோட்டார் கிடையாது. கேமரா இரண்டு: ஒரு பழைய டிஎஸ்எல்ஆர், கோள்களைப் படம் எடுக்கும் சின்னக் கேமரா ஒன்று. சின்னதில் சென்சார் அகலம் 5 மி.மீ.கூட இல்லை, பிக்சல் 3.75 மைக்ரான்.

நிலையத்தைப் பற்றி மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 109 மீட்டர். உயரம் ஏறக்குறைய 420 கி.மீ. அதனால் நேர் தலைக்கு மேலே வரும்போது அதன் அகலம் சுமார் 53 ஆர்க் செகண்ட். ஒரு டிகிரியை 3,600 கூறு போட்டால் அதில் 53 கூறு. வியாழன் நமக்கு மிக அருகில் இருக்கும்போதுகூட 50 கூறுதான். ஆக, அளவு ஒரு பிரச்சினையே இல்லை. வேகம்தான் பிரச்சினை. உச்சியில் இருக்கும்போது நொடிக்கு ஒரு டிகிரி, அதாவது ஒரு நொடியில் இரண்டு முழு நிலவைத் தாண்டிவிடும்.

ஒரு ஃபிரேமில்கூட நிலையம் இல்லை

பத்தில் எட்டு பேருக்குக் கோளாறு இங்கேதான். முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபைண்டரை, அதாவது குழாயின் மேல் மாட்டியிருக்கும் சின்னக் குறிபார்க்கும் கருவியை.

என் கதையைச் சொல்கிறேன். மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே ஃபைண்டரைச் சரிசெய்துவிடலாம் என்று, நாலு வீடு தள்ளி இருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடியை டெலஸ்கோப்பின் நடுவில் கொண்டுவந்தேன். ஃபைண்டரின் சிவப்புப் புள்ளியையும் அதே மூடி மேல் வைத்துத் திருகை இறுக்கினேன். கச்சிதம் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து தடவை கோட்டைவிட்ட பிறகுதான் உறைத்தது. ஃபைண்டர் இருப்பது குழாயின் மையத்திலிருந்து ஏறத்தாழ 20 செ.மீ. தள்ளி. தொட்டி இருப்பதோ 50 மீட்டரில். அந்தத் தூரத்தில் ஒன்றுசேரும் இரண்டு பார்வைக் கோடுகளும் வானத்துக்குப் போகும்போது 14 ஆர்க் நிமிடம் (ஒரு டிகிரியின் 60 கூறில் 14) விலகியிருக்கும். என் சின்னக் கேமராவின் முழுப் பார்வை அகலமே அந்த 14 ஆர்க் நிமிடம்தான். சிவப்புப் புள்ளி நிலையத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு போனது, கேமரா பக்கத்து வீட்டு வானத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது.

ஆகவே ஃபைண்டரை நட்சத்திரத்தில் சரிசெய்யுங்கள். பகலில்தான் செய்ய முடியும் என்றால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செல்போன் கோபுரத்தின் உச்சியைப் பிடியுங்கள். அங்கே இந்தப் பிழை அரை ஆர்க் நிமிடம் அளவுக்குச் சுருங்கிவிடும். முக்கியமாக, கண்வில்லை வழியாகப் பார்த்து அல்ல, கேமராவை மாட்டி அதன் திரையைப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். கேமராவின் எடையில் குழாய் கொஞ்சம் தொங்கும், சென்சாரின் மையமும் கண்வில்லையின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஃபைண்டர் சரியாக இருந்தும் விழவில்லையா? அப்படியானால் துரத்தும் முறையில் கோளாறு. நிலையத்தின் பின்னால் ஓடினால் எப்போதும் பின்னால்தான் இருப்பீர்கள். அது போகும் வழியில் கொஞ்சம் முன்னால் டெலஸ்கோப்பை நிறுத்தி, அது வந்து நுழையும்வரை காத்திருங்கள். நுழைந்து கடந்ததும் மறுபடி முன்னால் போய் நில்லுங்கள். சும்மா நிற்கும் டெலஸ்கோப்பில் என் சின்னக் கேமராவின் பார்வையைக் கடக்க அதற்குக் கால் நொடிகூட ஆகாது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு கடப்புக்கு 14 ஃபிரேம். ஒரு பாஸில், அதாவது நிலையம் ஒரு முறை வானத்தைக் கடப்பதற்குள், எட்டுப் பத்துத் தடவை இப்படிச் செய்தால் நூறு ஃபிரேம் தேறும். கை பழகிய பிறகு அதோடு சேர்ந்தே தள்ளலாம்.

இன்னொன்று, டாப்சன்காரர்களுக்கு மட்டும். 85, 90 டிகிரி உயரத்துக்கு வரும் பாஸைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். நேர் உச்சியில் டாப்சனை அடிப்பலகையோடு சட்டென்று அரைச் சுற்றுச் சுற்ற வேண்டிவரும், அந்த நேரத்தில் நிலையம் போய்விடும். 65 முதல் 75 டிகிரி வரை எழும் பாஸ்தான் எனக்குப் பிடித்தது. தூரம் கொஞ்சம் கூடும், கை ஒழுங்காக வேலை செய்யும். நம் ஊர் அகலாங்கில் நிலையம் தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கு அல்லது வடமேற்கிலிருந்து தென்கிழக்குக்குத்தான் போகும். நேரத்தையும் பாதையையும் 'ஹெவன்ஸ் அபவ்' தளத்தில் எடுத்து, எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் போகிறது என்று பார்த்து, பாஸுக்குப் பத்து நிமிடம் முன்பே அந்த வழியில் வெறும் கையால் இரண்டு தடவை தள்ளிப் பழகிப் பாருங்கள். நாற்காலி எங்கே இடிக்கிறது, கேபிள் எங்கே சிக்குகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

வெறும் வெள்ளைப் பொட்டு, உள்ளே ஒரு விவரமும் இல்லை

வெளிச்சம் கூடிப்போய்விட்டது. காரணம் பெரும்பாலும் ஆட்டோ எக்ஸ்போஷர். கேமரா பார்ப்பது கறுப்பு வானத்தை; "இருட்டா இருக்கே" என்று அதுவாகவே வெளிச்சத்தை ஏற்றிவிடும். ஆட்டோ என்று பெயர் உள்ள எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கண்வில்லையில் செல்போனை வைத்து எடுப்பவர்களுக்கும் இதுதான்: கையால் ஷட்டரையும் (வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்) ஐஎஸ்ஓவையும் (வெளிச்சத்துக்கான உணர்திறன்) வைக்கக்கூடிய செயலி இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

ஆட்டோவை அணைத்தும் வெள்ளையாக வந்தால், அளவை எதைப் பார்த்து வைத்தீர்கள்? வியாழனைப் பார்த்தா? அங்கேதான் சறுக்கல். வியாழன் சூரியனிலிருந்து நம்மைப்போல் 5.2 மடங்கு தொலைவில் இருக்கிறது, அதனால் அதன் மேல் விழும் வெளிச்சம் நமக்கு விழுவதில் 27-ல் ஒரு பங்குதான். விண்வெளி நிலையமோ நம் பக்கத்திலேயே, முழு வெயிலில் நிற்கிறது. வியாழனுக்குச் சரியாக இருந்த ஷட்டர் இதை வெளுக்க வைத்துவிடும்.

நிலவைப் பாருங்கள். நிலவுக்கும் நிலையத்துக்கும் ஒரே வெயில். நிலவின் மண் உண்மையில் கருப்பு, தார்ச்சாலைக்குக் கொஞ்சம் மேல். நிலையத்தின் உருளைகள் வெள்ளை. ஆகவே முழு நிலவை ஒட்டிய நாளில் நிலவு நன்றாகத் தெரிகிற அளவை வைத்துவிட்டு, அதிலிருந்து ஒரு படி குறைத்தால் போதும். என் எஃப்/6 குழாயில் ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 1/1600 என்று தொடங்குவேன். படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கும் பார்லோ வில்லையைப் போட்டால் எஃப்/12 ஆகிவிடும், அப்போது ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்ற வேண்டும். அரை நிலவை வைத்து அளக்காதீர்கள், அதில் வெயில் சாய்வாக விழுவதால் மிகவும் மங்கல்.

கொஞ்சம் இருட்டாக வந்தால் பின்னால் தூக்கிவிடலாம். வெளுத்துப்போனதை யாராலும் மீட்க முடியாது. சந்தேகம் வந்தால் இருட்டுப் பக்கமே சாயுங்கள். மாலைப் பாஸில் இன்னொரு விஷயம் உண்டு: மேற்கே ஏறி வரும்போது நமக்குத் தெரிவது நிலையத்தின் நிழல் பக்கம், உச்சி தாண்டிக் கிழக்கே போகும்போது வெயில் பக்கம். ஏறும்போது பார்த்து அளவைக் கூட்டினால் இறங்கும்போது வெளுத்துப்போகும்.

கோடு

நிலையம் போகும் திசையில் இழுபட்ட கோடு என்றால் ஷட்டர் மெதுவாக இருந்திருக்கிறது. கணக்கு எளிது. நொடிக்கு 3,600 ஆர்க் செகண்ட் ஓடும் பொருள். டெலஸ்கோப் அசையாமல் நின்றால் 1/60 நொடியில் 60 ஆர்க் செகண்ட் நகரும், தன் நீளத்தைவிட அதிகம். வெறும் கோடுதான் மிஞ்சும். 1/250-ல் 14, நிலையத்தின் கால்வாசி. 1/1000-ல் மூன்றரை, இது சமாளிக்கக்கூடியது. 1/2000 இருந்தால் நிம்மதி. வீடியோ எடுக்கும் டிஎஸ்எல்ஆர்கள் சத்தமில்லாமல் 1/50-ல் நின்றுகொண்டிருக்கும், அதைக் கவனியுங்கள்.

கோடு நேராக இல்லாமல் கொக்கி போலவோ எழுத்துப் போலவோ நெளிந்திருந்தால் அது உங்கள் கை. குழாயைத் தொட்ட நொடியில் அது நடுங்கும். அந்த ஃபிரேம்களை விட்டுவிட்டு, தள்ளி முடித்துக் கையை எடுத்தபின் வந்தவற்றைப் பாருங்கள், நன்றாக இருக்கும்.

எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கல், அல்லது நடுவில் ஓட்டையோடு மெதுவடை போல

ஃபோகஸ். எதிரொளிப்பு டெலஸ்கோப்பில் ஃபோகஸ் விலகினால் துணைக்கண்ணாடியின் நிழல் நடுவில் விழும், அதனால்தான் அந்த ஓட்டை. ஓட்டை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் கண்ணாடிகள் நேர்கோட்டிலிருந்து விலகியிருக்கின்றன, கொலிமேஷன் பார்க்க வேண்டும், அதாவது அவற்றை நேராக்க வேண்டும்.

"நட்சத்திரம் எங்கோ இருக்கு, நிலையம் 420 கிலோமீட்டர்லதானே இருக்கு, ஃபோகஸை கொஞ்சம் மாத்தணும்ல?" என்று கேட்பவர்கள் உண்டு. மாற்ற வேண்டாம். என் குழாயில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 3.4 மைக்ரான்; தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு. எஃப்/6 குழாய் அதைப்போல் பத்து மடங்குப் பிசகையே கண்டுகொள்ளாது. ஒரு நட்சத்திரத்தில் பாட்டினோவ் முகமூடி (குழாயின் வாயில் போடும், கீற்றுகள் வெட்டிய மூடி) போட்டு ஃபோகஸ் பிடித்து, பூட்டி, அதன் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். டேப் கேலிக்கு அல்ல. பாஸ் நடக்கும்போது பதற்றத்தில் கை தானாக ஃபோகஸ் திருகுக்குப் போகும்; எனக்கு இரண்டு பாஸ் அப்படிப் போயிருக்கிறது.

மாலையில் சூடாக இருந்த குழாய் இரவில் குளிரக் குளிர ஃபோகஸ் தானாகவும் நகரும். ஒரு மணி நேரம் முன்பே மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பாஸுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசியாக ஒரு தடவை பாருங்கள்.

நிலையம் சாய்ந்திருக்கிறது, நீண்டோ நசுங்கியோ இருக்கிறது

கூர்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் செவ்வகமாக இருக்க வேண்டிய சூரியத் தகடுகள் சாய்சதுரம் போல் இருக்கின்றன. இது ஃபோகஸும் இல்லை, கையும் இல்லை. பெரும்பாலான சென்சார்கள் ஒரு படத்தை ஒரே நேரத்தில் எடுப்பதில்லை, மேலிருந்து கீழே வரிவரியாக வாசிக்கின்றன. முதல் வரியை வாசித்த நேரத்துக்கும் கடைசி வரிக்கும் நடுவில் நிலையம் நகர்ந்துவிடும். என் சின்னக் கேமராவில் நிலையம் ஏறக்குறைய 83 பிக்சல் அகலம். முழு ஃபிரேமை வாசிக்க 1/60 நொடி ஆகிறது என்றால், நிலையம் இருக்கும் அந்த 80-சொச்சம் வரிகளை வாசிப்பதற்குள் அது 8 பிக்சல் நகர்ந்திருக்கும். பத்தில் ஒரு பங்கு சாய்வு கண்ணுக்கு நன்றாகவே தெரியும். வரிகளின் குறுக்கே போனால் சாயும்; வரிகள் வாசிக்கப்படும் திசையிலேயே போனால் நீளும்; எதிரே வந்தால் நசுங்கும்.

ஷட்டரை இன்னும் வேகமாக்கினால் இது போகாது, அங்கேதான் பலர் நேரத்தை வீணாக்குகிறார்கள். நிலையத்தோடு சேர்ந்து தள்ளினால் சாய்வு குறையும். மடிக்கணினியில் பழைய யுஎஸ்பி 2 துளையில் கேபிளைச் செருகியிருந்தால் வாசிப்பே மெதுவாகிவிடும், நீல நிற யுஎஸ்பி 3 துளைக்கு மாற்றுங்கள். மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் சத்தமில்லா எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து இயந்திர ஷட்டருக்கு வாருங்கள். ஐஎம்எக்ஸ்174 போல முழு ஃபிரேமையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் சென்சார் இருந்தால் இந்தத் தலைவலியே கிடையாது. ஆனால் இதற்காகவே வாங்கும் அளவுக்கு இது பெரிய நோய் இல்லை என்பது என் கருத்து.

ஃபிரேமுக்கு ஃபிரேம் உருவம் மாறுகிறது

ஒன்றில் தகடு வளைந்திருக்கிறது, அடுத்ததில் நிமிர்ந்திருக்கிறது, அதற்கடுத்ததில் இரண்டாகத் தெரிகிறது. காற்று. தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு போல் நெளிகிறது. வானத்தின் மேல்மட்டக் காற்றை நாம் ஒன்றும் செய்ய முடியாது. காலடியில் இருக்கும் காற்றை முடியும். நம் மொட்டை மாடிகள் பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணி வரை கக்கிக்கொண்டே இருக்கும். மாலைப் பாஸ் நடப்பதோ சூரியன் மறைந்தும் சூடு ஆறாத நேரத்தில். மண் தரை, புல், தோப்பு ஓரம் எதுவானாலும் கான்கிரீட்டைவிட மேல். மாடியைத் தவிர வழியில்லை என்றால் விடியற்காலைப் பாஸைத் தேடுங்கள். நாலரை, ஐந்து மணிக்கு மாடி ஆறியிருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். என்னிடம் இருக்கும் நல்ல படங்கள் எல்லாம் விடியற்காலையில் எடுத்தவை.

50 டிகிரிக்குக் கீழே எடுத்த படங்களில் இந்த நெளிவு இருந்தால் அதற்காக வருத்தப்படவும் வேண்டாம். 30 டிகிரி உயரத்தில் நிலையம் ஏறக்குறைய 780 கி.மீ. தள்ளி இருக்கும், அளவு பாதியாகிவிடும், காற்றோ இரண்டு மடங்கு.

சுற்றிலும் பால் போல் ஒளிவட்டம்

மெல்லிய மேகம், இல்லையென்றால் மார்கழிப் பனி. கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். துடைக்காதீர்கள்; தலைமுடி உலர்த்தியை இதமான சூட்டில் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள்.

பாதியிலேயே மறைந்துவிட்டது

கோளாறு இல்லை. நிலையம் பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. உச்சிக்கு வரும் நிலையத்தின் மேல் வெயில் படுவது நம் பக்கத்தில் சூரியன் மறைந்து ஏறக்குறைய 80 நிமிடம் வரைதான். அட்டவணையில் பாஸ் முடியும் உயரம் 10 டிகிரி என்று இல்லாமல் 48, 55 என்று இருந்தால் அந்த இடத்தில் அணைந்துவிடும் என்று அர்த்தம். டிஎஸ்எல்ஆரில் படம் எடுப்பவர்களுக்கு இன்னொரு வகைப் பாதிவழி மறைவு உண்டு: ரா கோப்பாகத் தொடர்ந்து சுட்டால் இருபது, முப்பது படத்தில் கேமராவின் நினைவகம் நிரம்பி, சரியாக உச்சிக்கு வரும்போது மூச்சுவிட நிற்கும். ஏறி வரும்போதே சுட்டுத் தீர்த்துவிடாமல் கையை அடக்குங்கள்.

தனி ஃபிரேம் நன்றாக இருக்கிறது, அடுக்கினால் மோசமாகிறது

கோள்களுக்கு ஆயிரக்கணக்கான ஃபிரேம்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே தெளிவான படமாக்கிப் பழகியவர்கள் இதில் மாட்டுவார்கள். வியாழன் ஒரு நிமிடம் சும்மா இருக்கும். நிலையம் தலைக்கு மேலே கடக்கும்போது நாம் அதைப் பார்க்கும் கோணம் நொடிக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி மாறுகிறது. பத்து நொடி ஃபிரேம்களை ஒன்றாக அடுக்கினால் பத்து டிகிரி திரும்பிய நிலையத்தைப் பழைய நிலையத்தின் மேல் ஒட்டியதாகிவிடும். தகடுகள் இரட்டையாகத் தெரியும்.

நான் செய்வது: பிப் மென்பொருளில் போட்டு எல்லா ஃபிரேமிலும் நிலையத்தை நடுவுக்குக் கொண்டுவந்து வெட்டிக்கொள்வேன். அப்புறம் ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒரே நொடிக்குள் அடுத்தடுத்து வந்த நல்ல ஃபிரேம் பத்து, இருபதை மட்டும் ஆட்டோஸ்டாக்கர்ட்டில் அடுக்குவேன். ஆயிரத்தில் பத்து என்பது அநியாயமாகத் தோன்றலாம்; இந்த வேலையில் அதுதான் வழக்கம்.

நிஜமா, மென்பொருள் வரைந்ததா என்று தெரியாத விவரங்கள்

பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த அக்கா ஒருமுறை திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கிறவங்க தெரிவாங்களா தம்பி?" என்று கேட்டார். இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அங்கே தங்கியிருந்த நேரம் அது, 2025 ஜூன் கடைசியிலிருந்து ஜூலை பாதி வரை. தெரியாது அக்கா என்றேன். 200 மி.மீ. கண்ணாடி பிரித்துக்காட்டக்கூடிய மிகச் சின்ன இடைவெளி 0.58 ஆர்க் செகண்ட், 420 கி.மீ.யில் அது 1.2 மீட்டர். அதுவும் காற்றே இல்லாவிட்டால். நம் வானத்தில் இரண்டு, மூன்று மீட்டர் கிடைத்தாலே பெரிய விஷயம். நாலேகால் மீட்டர் பருமனுள்ள உருளைகள் தெரியும். 35 மீட்டர் நீளத் தகடுகள் கண்டிப்பாகத் தெரியும். வந்து ஒட்டிக்கொண்டிருக்கும் டிராகன் விண்கலம் சில பிக்சல் புள்ளியாகத் தெரியும், அதன் விட்டம் 4 மீட்டர். ஜன்னல், கைப்பிடி, ஆள் எல்லாம் தெரிந்தால் மென்பொருளில் கூர்மைப்படுத்தும் அளவை நீங்கள் அளவுக்கு மீறிக் கூட்டியிருக்கிறீர்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. சந்தேகமான புள்ளியை முந்தைய ஃபிரேமிலும் அடுத்த ஃபிரேமிலும் தேடுங்கள், கூர்மைப்படுத்தாத மூலத்தில். மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தால் நம்பலாம். ஒன்றில் மட்டும் இருந்தால் அது இரைச்சல். வண்ணக் கேமராவில் தகட்டின் ஓரத்தில் தெரியும் பச்சை, ஊதா கீற்றுகளும் பெரும்பாலும் இப்படித்தான். தகடுகளின் பொன்னிறம் மட்டும் நிஜம்.

சூரியனுக்குக் குறுக்கே போகும் என்றார்கள், போகவே இல்லை

கோளாறு தேடுவதற்கு முன் ஒன்று: சூரிய ஃபில்டர், அதாவது வெயிலைத் தடுக்கும் வடிகட்டி, டெலஸ்கோப்பின் முன்வாயில் இருக்க வேண்டும், காற்றில் பறக்காதபடி டேப் ஒட்டி. கண்வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடியை நம்பாதீர்கள், அது சூட்டில் விரிசல் விட்டால் கண் போய்விடும். ஃபைண்டருக்கும் மூடி போடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இரவில் நிலையத்தை மாவட்டம் முழுவதும் பார்க்கலாம். சூரியனுக்குக் குறுக்கே போவதைப் பார்க்க முடிவது மெல்லிய ஒரு நாடாவுக்குள் நிற்பவர்களால் மட்டும். சூரியன் உச்சியில் இருந்தால் அந்த நாடாவின் அகலம் ஏறக்குறைய 4 கி.மீ.தான். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் வல்லம் பக்கம் மையக்கோடு விழுந்த ஒரு நாள், நான் அதற்கு மூன்று கிலோமீட்டர் முன்னாலேயே நிழலும் டீக்கடையும் இருந்த இடத்தில் கடை விரித்தேன். மூன்று கிலோமீட்டர்தானே என்று. நிலையம் சூரியனின் விளிம்புக்கு வெளியே, நீல வானத்தில், யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. டீ நன்றாக இருந்தது.

சரியான இடத்தில் நின்றும் வரவில்லை என்றால், கணிப்பை எப்போது எடுத்தீர்கள்? நிலையம் காற்றின் உராய்வால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும், அவ்வப்போது உந்தி மேலே தூக்குவார்கள். அதனால் நான்கு நாள் முன்பு எடுத்த கணிப்பு சில நொடிகள் பிசகும். நொடிதானே, வீடியோவை முன்கூட்டியே ஓடவிட்டால் போச்சு என்று தோன்றும். அப்படியில்லை. நம் ஊரில் பூமி நொடிக்கு 450 மீட்டர் கிழக்கே சுழல்கிறது. நிலையம் 5 நொடி பிந்தினால் அந்த நாடாவே மேற்கே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விடும். மையக்கோட்டில் நின்றிருந்தவர் விளிம்புக்கு வந்துவிடுவார். முதல் நாள் இரவு ஒரு தடவை, கிளம்பும் முன் ஒரு தடவை கணிப்பைப் புதுப்பித்துப் பாருங்கள்.

இடமும் நேரமும் சரி, வீடியோவில் ஏதோ சாம்பல் கீற்று மட்டும் தெரிகிறது என்றால் அது ஷட்டர். முழுக் கடப்பும் அரை நொடி முதல் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும், 1/2000-க்குக் குறையாமல் வையுங்கள். ஃபோகஸுக்குச் சூரியப் புள்ளி இருந்தால் அது, இல்லையென்றால் விளிம்பு. நிலையம் சூரியனின் விட்டத்தில் 35-ல் ஒரு பங்குதான் இருக்கும், அதனால் சின்னத் திரையில் பார்த்து "வரலை" என்று அழித்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள்.

உருவம் எச் எழுத்துப் போல் இல்லை

எல்லாம் கூர்மையாக இருந்தும் எதிர்பார்த்த உருவம் இல்லையென்றால் நீங்கள் எடுத்தது வேறு எதையோ. டி எழுத்துப் போல, அளவில் ஏறக்குறைய பாதியாக இருந்தால் சீனாவின் தியாங்கோங் நிலையம். அதன் பாதையும் நம் தலைக்கு மேலே வருகிறது, ஏறக்குறைய 390 கி.மீ. உயரத்தில். நேரத்தை அட்டவணையோடு ஒப்பிட்டால் உறுதியாகிவிடும். அழிக்காதீர்கள், இதுவும் நல்ல வேட்டைதான். சூரியன் முன்னால் போனது என்றால் இன்னொன்றையும் பாருங்கள். வல்லத்துக்கு அடுத்த முயற்சியில் எனக்கு அழகான கறுப்பு உருவம் ஒன்று கிடைத்தது, நடுவில் உடல், இரண்டு பக்கமும் தகடு. பத்து ஃபிரேம் நகர்த்திய பிறகு தகடு இரண்டும் மடங்கி விரிந்தன. பருந்து.